விறகுப் படகில் கோவளம்

மாவு வரவில்லை என்று முதலாளி சொன்ன அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாக விடுமுறை கிடைத்தது. சண்டைக் காலம். கோதுமை மாவெல்லாம் பட்டாளத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் மூட்டைகள் துறைமுகத்தில் நிற்கின்றன என்றார்கள். அப்புறம் அங்கேயும் இல்லை என்றார்கள். அடுப்பை அணைத்தோம். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த அடுப்பு அணைந்து பார்த்ததில்லை. அணைத்த பிறகும் வெகுநேரம் செங்கல்லில் சூடு இருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது எங்கள் ரொட்டிக் கிடங்கு. மாவு பிசைவதும் ரொட்டி சுடுவதும் என் வேலை. சாயங்காலம் கள்ளை ஊற்றி மாவைப் பிசைந்து சாக்குப் போட்டு மூடிவைப்போம். அது பொங்கியதும் உருட்டி, விடிவதற்குள் சுட்டு எடுத்துவிடுவோம். கூடைக்காரர்கள் சுடச்சுட எடுத்துக்கொண்டு அடையாறு பக்கமும் சாந்தோம் பக்கமும் போவார்கள். நான் வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். ஊர் விழித்திருக்கும் நேரத்தில் தூங்கி, ஊர் தூங்கும் நேரத்தில் விழித்திருந்தே என் பாதி வயசு போய்விட்டது. அதிகம் பேசிப் பழக்கமில்லாத எனக்கு அது ஒரு வகையில் சௌகரியமாகவே இருந்தது.

என் முதல் மனைவி அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, ஆடி மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அடக்கம் முடிந்த அன்று சாயங்காலமே நான் கிடங்குக்குப் போனேன். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. வேறு எங்கே போவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். அழுகை வரும் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ரொட்டி சுடுகிறவனுக்குக் கை காய்த்துப்போய், சூடான தட்டைத் துணியில்லாமல் தொட்டாலும் சுடாது. எனக்கு உள்ளேயும் அப்படி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததில் வருத்தமும் இல்லை.

ஒரு வருடம் போனதும் சொந்தக்காரர்களும் மாதா கோவில் சாமியாரும் சேர்ந்து எனக்கு இன்னொரு பெண் பார்த்தார்கள். கோவளத்துப் பெண். முப்பது தாண்டியவள். படுத்த படுக்கையாகக் கிடந்த தாயாரைப் பார்த்துக்கொண்டே வயசு போய்விட்டது. தாயாரும் போன பிறகு, உப்பளத்தில் வேலை செய்யும் அண்ணன் வீட்டில் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான ஆகமன காலம் தொடங்கிவிட்டால் கோவிலில் கல்யாணம் கிடையாது என்பதால் அவசரமாக ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் இரண்டு பேருடைய பெயரையும் வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊரைக் கேட்பது எங்கள் வழக்கம். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன்.

கல்யாணம் ஆனதும் கிறிஸ்துமஸ் வேலை வந்துவிட்டது. ராத்திரி பகல் இல்லாமல் கிடங்கிலேயே கிடந்தேன். வீட்டுக்கு வந்தால் அவள் சோறு போடுவாள், நான் சாப்பிட்டுவிட்டுப் படுப்பேன். எழுந்தால் வேலைக்குப் போகும் நேரமாகியிருக்கும். இரண்டு மாதத்தில் அவளுடைய குரல் எப்படி என்பதே எனக்குச் சரியாகப் பழகவில்லை. அப்போதுதான் மாவு நின்றது.

முதலாளி வயசான பாய். அடுப்புக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா, அடுப்பே ஆறிப்போச்சு, நீ இன்னும் குந்திக்கினு கீறே?" என்றார். "புதுசா கட்னவளக் கூட்டிக்கினு எங்கியாவது போய் காத்து வாங்கினு வாய்யா. மாவு வந்தா ஆளு அனுப்பறேன்."

எங்கே போவது? எங்கள் அடுப்புக்குச் சவுக்கு விறகு கோவளத்திலிருந்துதான் கால்வாய் வழியாகப் படகில் வரும். மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் விறகுத் தொட்டியில், அதாவது விறகுக் கடையில், இறக்கிவிட்டுப் படகு காலியாகத் தெற்கே திரும்பும். படகுக்காரர் என்னைத் தெரிந்தவர். வீட்டில் போய், "கோவளம் போகலாமா" என்று கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "போகலாம்" என்றாள். அதில் சந்தோஷம் இருந்ததா என்று நான் கவனிக்கவில்லை.

விடிந்தும் விடியாமலும் துறைக்குப் போனோம். அவள் கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. இரண்டு நாளைக்குப் போகிறவள் எடுத்துக்கொள்வதைவிடக் கொஞ்சம் பெரிய மூட்டை. அதையும் நான் பார்த்தேன், ஒன்றும் நினைக்கவில்லை.

படகுக்காரர் பாய்மரத்துப் பாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "இன்னா ரொட்டிக்காரரே, ஜோடியா உலா கெளம்பிட்டீங்க? படகுல மெத்த கெடயாது, சாக்குதான் கீது."

"சாக்கு போதும்" என்றாள் அவள். "வூட்ல மட்டும் மெத்தயா கீது?"

படகுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வடக்கேயிருந்து வாடைக் காற்று நன்றாக அடித்தது. பாய் விரிந்ததும், கரையிலிருந்து படகைக் கயிறு கட்டி இழுக்கிற இரண்டு ஆட்களுக்கும் வேலை இல்லாமல் போய், அவர்களும் படகில் ஏறிப் படுத்துக்கொண்டார்கள். மந்தைவெளித் தோட்டங்களும், துணி துவைக்கிற கல்லும், எருமைகளும் போயின. அடையாற்றைக் குறுக்கே கடக்கும்போது மட்டும் தண்ணீர் இழுத்தது. கடல் பக்கமிருந்து வந்த காற்றில் படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் பலகையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் படகு மறுபடி கால்வாய்க்குள் போய்விட்டது.

திருவான்மியூரைத் தாண்டினால் அப்போது ஊர் என்று ஒன்றும் கிடையாது. இரண்டு கரையிலும் தாழம் புதர், அதற்குப் பின்னால் பனை, அப்புறம் மணல்மேடு. ஒரு நரி தண்ணீர் குடிக்க வந்து, படகைப் பார்த்துக்கொண்டே நின்றது. ஓடக்கூட இல்லை. எங்களைப்போன்ற ஆட்கள் அதை ஒன்றும் செய்யமாட்டோம் என்று தெரிந்ததுபோல நின்றது. வெயில் ஏறியது. எனக்குத் தூங்கும் நேரம். கண் எரிந்தது.

"தூங்கிடாதீங்க, ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"ம்."

"நான் எங்க அண்ணன் வூட்டுலயே இருந்துடலாம்னு பாக்கறேன். படகு திரும்பறப்போ நான் தொறைக்கு வந்தா வந்தேன். வரலேன்னா எனக்காக நிக்க வேணாம். நீங்க போய்க்கினே இருங்க."

அவள் இதை எத்தனை நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருப்பாள் என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வார்த்தை தடுக்காமல் சொன்னாள். எங்கள் கோவிலில் கட்டிய கல்யாணத்துக்குப் பிரிவு கிடையாது. புருஷனை விட்டு அண்ணன் வீட்டில் இருக்கிறவளை ஊர் வாழாவெட்டி என்று சொல்லும், சாகும்வரை சொல்லும். அது தெரிந்துதான் சொன்னாள்.

நான் "சரி" என்றேன்.

"சரியா?"

"உன் இஷ்டம்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கரைப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் போய்விடுவாள் என்றால் வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். முன்பு இருந்த மாதிரியே இருக்கும் என்று தோன்றியது. அதுதான் அன்றைக்கு என் நிலைமை.

பொழுது சாயும்போது கோவளத்தில் இறங்கினோம். மாதா கோவிலுக்குப் பின்னால், திருவிழாவுக்கு வருகிறவர்கள் தங்குவதற்கு வரிசையாக அறைகள் கட்டியிருந்தார்கள். திருவிழா இல்லாத காலம். எல்லாம் பூட்டிக் கிடந்தன. சாவி கோவில் வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் இருந்தது. அவர் மூக்குப்பொடியைத் துடைத்துக்கொண்டே வந்து, அவளைப் பார்த்ததும் நின்றார்.

"அடியே, நீயா! உங்க அண்ணன் வூடு தோ, கூப்ட்டா கேக்கற தூரத்துல கீது. நீ இன்னாத்துக்கு ரூம் கேக்கறே?"

"மறுவீடு இன்னும் அழைக்கல மாமா."

"ஓ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

கல்யாணம் ஆன பிறகு பெண் வீட்டார் தட்டெடுத்துக்கொண்டு வந்து, மறுவீட்டு விருந்துக்கு வாருங்கள் என்று அழைக்கவேண்டும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து இலை போடவேண்டும். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளை அந்த வீட்டு வாசலை மிதிப்பது. அழைக்காமல் போனால் போகிறவனுக்கும் கேவலம், அந்த வீட்டுக்கும் கேவலம். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. மச்சானிடம் விருந்து போட வழி இல்லை. அதனால் என்னை அழைக்கவில்லை. எங்களுடையது இரண்டாம் தாரக் கல்யாணம்தானே என்று எங்கள் பக்கத்திலும் யாரும் அதைப் பெரிதாகக் கேட்கவில்லை.

உபதேசியார் போகும்போது, "மீன வாட்டறதுன்னா வெளில வாட்டுங்க. போன திருவிழாவுல சுவரெல்லாம் கரியாக்கிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அறையில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு குடம், சுவரில் சிலுவை. ஜன்னல் வழியாக ஒரு பக்கம் கடலும், மறுபக்கம் கழியும் தெரிந்தன. கழி என்று அங்கே சொல்வது உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து ஏரிபோலப் பரந்து கிடக்கும் இடத்தை.

மச்சான் வந்தார். வாசலிலேயே நின்றார். கையில் வாழைமட்டையில் கட்டிய கருவாடு.

"மாப்ளே, தப்பா நெனச்சுக்காதீங்க. மாசி பொறந்து உப்பு வேல தொடங்கட்டும். பெட்டி வண்டி வச்சு அழைக்கறேன்."

"பரவாயில்ல மச்சான்."

"அண்ணே, நீ வண்டி வைக்க வேணாம். மொதல்ல உள்ள வந்து குந்து" என்றாள் அவள்.

"ஐயே, நான் எப்படி குந்தறது? அவர நான் வூட்டுக்குள்ள கூப்புடல, அவரு எடத்துல நான் குந்தறதா?" அவர் வெளியே நின்றபடியே தலையைச் சொறிந்தார். "நாளைக்கு நம்ம ஆளு ஒத்தன் கிளிஞ்ச எடுக்க தோணியில போறான். கழிய சுத்திப் பாத்துக்கினு வாங்க. பட்டணத்துல காசு குடுத்தாலும் இதெல்லாம் பாக்க முடியாது மாப்ளே."

வீட்டுக்குக் கூப்பிட முடியாத மனுஷன் கழியைக் காட்டுகிறார் என்று எனக்குப் புரிந்தது. சரி என்றேன்.

அன்று ராத்திரி அவள் கட்டிலில் தூங்கினாள். நான் தரையில் படுத்திருந்தேன். ராத்திரியில் தூங்கி எனக்குப் பழக்கமில்லை. அவள் மூச்சுவிடுவது ஒரு சீராகக் கேட்டது. அதற்கு முன்பு நான் அதைக் கேட்டதில்லை.

காலையில் தோணிக்காரர் வந்தார். நீளமான ஒற்றை மரத் தோணி. மூங்கில் கம்பால் தள்ளிக்கொண்டு முட்டுக்காடு பக்கமாகப் போனார். தண்ணீர் கண்ணாடிபோல இருந்தது. ஆழம் எங்கேயும் இடுப்பளவுக்கு மேல் இல்லை. கரையே கண்ணுக்குத் தெரியாத இடத்தில்கூடப் பறவைகள் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்தன. நீளக் காலும் வளைந்த மூக்குமாகப் பூநாரைகள் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. தொலைவில் பார்த்தால் யாரோ துணி காயப்போட்டதுபோல இருந்தது. தோணி போனதும் ஒன்றாக எழுந்தன. இறக்கைக்கு அடியில் அவ்வளவு சிவப்பு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். இந்த ஊரிலேயே பிறந்தவள், தாயாரைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்ததால் இதெல்லாம் பார்த்ததில்லையாம். எனக்கு அழகு என்று தெரிந்தது. ஆனால் அது வேறு யாருக்கோ காட்டுகிற அழகுபோல இருந்தது.

ஒரு மணல் திட்டில் தோணியை நிறுத்திவிட்டு, தோணிக்காரர் கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். கிளிஞ்சலைக் காலால் தடவித் தடவி எடுத்துக்கொண்டே வெகுதூரம் போய்விட்டார். தோணியில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அவள் சோற்று மூட்டையை அவிழ்த்தாள். பழைய சோறும், வாட்டிய கருவாடும். கருவாட்டின் ஒரு முனை கருகியிருந்தது. அதைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டுவிட்டு, மிச்சத்தை என் பக்கம் வைத்தாள்.

"நீங்களா இருந்தா இந்த முனையத்தான் எனக்குக் குடுத்திருப்பீங்க" என்றாள்.

"எந்த முனைய?"

"கருகினத."

எனக்குப் புரியவில்லை.

"புரியாத மாதிரி பாக்காதீங்க. நான் வந்த நாள்லேருந்து தெனமும் கருகின ரொட்டி. நல்லதெல்லாம் ஊருக்கு, ஒத்தரும் வாங்காதது எனக்கு. கேக்கலாமா வேணாமான்னு இருந்தேன். கேட்டா இன்னா ஆவும்? ரெண்டாந்தாரத்துக்கு இது போதும்னு சொல்லிட்டீங்கன்னா? பக்கத்து வூட்டு நாய்க்குப் போட்டேன். அதுகூட மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு."

நான் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அடுப்பில் சுவர் ஓரமாக வைக்கும் ரொட்டி எப்போதும் ஒரு பக்கம் கருகும். வாங்குகிறவர்கள் அதை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் என் முதல் மனைவிக்கு அதுதான் பிடிக்கும். கருப்பு ஓரத்தை விரலால் பிய்த்து, டீயில் நனைத்துச் சாப்பிடுவாள். நல்ல ரொட்டி கொண்டுபோனால் முகம் தொங்கிப்போகும். அதனால் ஒவ்வொரு நாளும் சுவர் ஓரத்தில் ஒரு ரொட்டியைக் கூடுதல் நேரம் விட்டு, அதை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அவள் செத்த பிறகும் என் கை அதை எடுத்துக்கொண்டுதான் இருந்தது. மறுபடி கல்யாணமான பிறகு வாங்கிக்கொள்ள வீட்டில் ஒருத்தி இருந்தாள். நான் கொடுத்தேன். அவள் வாங்கினாள். யார் வாங்குகிறாள் என்று என் கை பார்க்கவில்லை.

இவ்வளவையும் அன்றைக்கு இப்படிச் சொல்லவில்லை. "அது அவளுக்குப் புடிக்கும்" என்று மட்டும்தான் வந்தது. அப்புறம் சுவர் ஓரம், டீ என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். செத்துப்போனவளைப் பற்றி நான் இவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. வேறு யாரிடமும்கூடப் பேசியதில்லை.

அவள் கோபப்படுவாள் என்று பார்த்தேன். படவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "அப்போ ரெண்டு மாசமா நீங்க அவங்களுக்குத்தான் கொண்டாந்தீங்க" என்றாள். "நான் நடுவுல நின்னு வாங்கி வச்சேன்."

உண்மை அதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து, "அவங்க பாக்கறதுக்கு எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள். சொல்லலாம் என்று முயன்றேன். முகம் வரவில்லை. ரொட்டியைப் பிய்க்கும் விரல் மட்டும்தான் வந்தது. பதினெட்டு வருஷம் கூட இருந்தவளுடைய முகம். "தெரியல" என்றேன். அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரக்கமா, பயமா.

தோணிக்காரர் கூடை நிறையக் கிளிஞ்சலோடு வந்து, "இன்னாம்மா, சோறு அப்படியே கீது? பறவையப் பாத்தே வயிறு ரொம்பிடுச்சா?" என்றார். அவள் சோற்று மூட்டையை மறுபடி கட்டினாள். கரைக்குத் திரும்பினோம்.

அறைக்கு வந்ததும் அவள் மூட்டையை எடுத்துக்கொண்டாள். "நான் அண்ணன் வூட்டுக்குப் போறேன். நாளைக்கு மத்தியானம் படகு" என்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மணலில் நடந்து போவது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம் என்று உபதேசியார் சொன்னது சரிதான். வீட்டுக்குள் போகிறவரை முழுசாகத் தெரிந்தது. நான் கூப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் துறைக்குப் போனேன். படகில் விறகு அடுக்கி முடித்திருந்தார்கள். உட்கார இடமில்லாமல் விறகின் மேலேயே ஏறி உட்கார்ந்தேன்.

"வூட்டுக்காரம்மா எங்க?" என்றார் படகுக்காரர்.

"வரலாம்."

"வரலாம்னா? இன்னா நைனா இது, படகு வரலாம் போலாம்னு நிக்காது. வாடைக்கு எதுத்தாப்புல இழுக்கணும். ஆளுங்க முதுகு ஒடியும். பொழுதோட கெளம்பணும்." சொல்லிவிட்டு அவரே மணல்மேட்டைப் பார்த்தார். "சண்டையா?"

"இல்ல."

"சண்டை போட்டிருந்தா வந்துடுவாங்க. போடலன்னாதான் கஷ்டம்."

இழுக்கிற ஆட்கள் கயிற்றைத் தோளில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மணல்மேட்டைப் பார்த்தேன். அதன் மேல் ஒருவரும் வரவில்லை. அவள் வராவிட்டால் நிற்கவேண்டாம் என்று சொல்லியிருந்தாள். நான் சரி என்றும் சொல்லிவிட்டேன். படகில் உட்கார்ந்திருப்பதுதான் எனக்குச் சுலபம். ஆனால் எழுந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மனசு பொங்கியது, துடித்தது என்றெல்லாம் எழுதினால் பொய். முந்தின ராத்திரி அறையில் மூச்சுச் சத்தம் இல்லை. அது மட்டும் ஞாபகம் வந்தது.

"எங்க போறே?" என்றார் படகுக்காரர்.

"மச்சான் வூட்டுக்கு."

"அழைச்சாங்களா?"

"இல்ல."

அவர் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். "செத்தோம். அழைக்காத மாப்ள வாசல்ல போய் நின்னா, சோறு போடாம வுட மாட்டாங்க. சீக்கிரமா துன்னுட்டு வா நைனா."

மச்சான் வீடு பனையோலை வேய்ந்த ஒற்றை அறை. அவர் வெளியே உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தவர், உள்ளே போவதா வெளியே நிற்பதா என்று தெரியாமல் சுற்றினார்.

"மாப்ளே! அழைக்காம இப்படி... அடியே, மாப்ள வந்துட்டாருடி!"

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்தது. அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாக ஓடினாள். அடுத்த வீட்டில், "ரெண்டு முட்ட குடுக்கா, மானம் போவுது" என்று அவள் கேட்பது எனக்கே கேட்டது. எனக்கும் கூசியது. ஆனால் வந்தாயிற்று.

"மச்சான், விருந்துக்கு வரல. அவகிட்ட ஒரு வார்த்த..."

"வார்த்தயெல்லாம் சாப்ட்டுட்டுப் பேசலாம். நீங்க வெறும் வயித்தோட போனா இந்தத் தெருவுல நான் எப்படி நடமாடறது?"

உள்ளே உட்காரவைத்தார்கள். அவள் அடுப்பங்கரை மூலையில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். அண்ணி பாயை விரித்து இரண்டு இலை போட்டாள். பக்கத்தில் பக்கத்தில். மறுவீட்டில் போடுவதுபோல. தண்ணீர் தெளித்துவிட்டு, மூலையில் நின்றவளைப் பார்த்தாள். மச்சானும் பார்த்தார். முட்டையோடு வந்த அடுத்த வீட்டுப் பெண்ணும் வாசலில் நின்று பார்த்தாள். இவள் உட்கார்ந்தால் என் பெண்டாட்டி. உட்காராவிட்டால் அந்த வீட்டில் தங்கிவிட்ட தங்கை. அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

அவள் உட்காரவில்லை. சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பரிமாறினாள். "நான் அப்புறம் சாப்ட்டுக்கறேன்" என்றாள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். பக்கத்து இலை காலியாகவே கிடந்தது. நான் சாப்பிட்டேன். அவசரத்தில் பொரித்த முட்டையில் உப்பு அதிகம். எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

கை கழுவ அவள் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். வேலிப் பக்கம், நாங்கள் மட்டும் இருந்தோம்.

"இருக்க வேணாம்" என்றேன்.

"இன்னா?"

"இங்க இருக்க வேணாம். வந்துடு."

அவள் சொம்பை நிமிர்த்தினாள். தண்ணீர் நின்றுவிட்டது. "இத படகுல சொல்றதுக்கு இன்னா?"

"வாய் வரல."

"ரெண்டு நாளு ஆவுதா ஒரு வார்த்த வர?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பட்டணத்து வீட்டில் அவள் என்னிடம் பேசாத குரல் அது. "இந்தப் படகுல நான் வரல. நீங்க போங்க. நீங்க சொன்னத நான் யோசிக்கணும். அவங்கள நீங்க நெனக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா நான் யாரு எடத்துல நிக்கறேன்னு எனக்குத் தெரியணும்ல?"

"எப்போ வருவே?"

"தெரியல" என்றாள். முந்தின நாள் தோணியில் நான் சொன்ன மாதிரியே சொன்னாள்.

படகுக்காரர் திட்டிக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார். காற்றுக்கு எதிராகக் கரையோரம் ஆட்கள் குனிந்து குனிந்து இழுத்தார்கள். வரும்போது இருந்ததைவிட வழி நீளமாக இருந்தது. ஒருவரும் என்னோடு பேசவில்லை. அது படகுக்காரர் காட்டிய மரியாதை என்று நினைக்கிறேன்.

நான் வந்த சில நாளில் மாவு வந்தது. அடுப்பைப் பற்றவைத்தோம். முதல் நாள் செங்கல் ஈரம் வாங்கியிருந்ததால் ரொட்டி வேகவில்லை. முதலாளி, "கோவளம் எப்படி கீது?" என்று கேட்டார். "நல்லா கீது" என்றேன். "வூட்ல சந்தோஷமா?" என்றார். தலையை ஆட்டினேன். விடிந்ததும் வீட்டுக்குப் போவேன். கதவைத் திறப்பேன். அவள் புடைத்து வைத்த அரிசி பானையில் இருந்தது. அதையே கொஞ்சம் கொஞ்சமாக வடித்துச் சாப்பிட்டேன். விறகுப் படகு வந்துவிட்டதா என்று கேட்க ஆசையாக இருக்கும். விறகுத் தொட்டிக்குப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. விறகு கிடங்குக்கு வந்து இறங்கினால், படகு வந்துவிட்டது, அவள் வரவில்லை என்று தெரிந்துகொள்வேன். இப்படி இரண்டு தடவை விறகு இறங்கியது.

ஒரு நாள் மத்தியானம் நல்ல தூக்கத்தில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். அவள் கொல்லைப் பக்கம் குந்தியிருந்து, நான் கழுவாமல் போட்டிருந்த பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூட்டை இன்னும் அவிழ்க்காமல் வாசற்படிக்குப் பக்கத்தில் இருந்தது. கனவோ என்று நினைத்தேன்.

"வந்துட்டியா?" என்றேன்.

"இல்ல. இன்னும் படகுலதான் கீறேன்" என்றாள் திரும்பாமலே. பிறகு குடத்தைச் சாய்த்துப் பார்த்தாள். "இன்னாங்க இது, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இவ்ளோ நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தீங்க?"

நான் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவள் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு தெருக் குழாய்க்குப் போனேன்.